எண் இல்லாத செட், இரவல் எண்ணில் ஓடும் செட்

2009 நவம்பர் 30 நள்ளிரவோடு, அடையாள எண் இல்லாத கைபேசிகளுக்கு இணைப்பு கிடையாது என்று தொலைத்தொடர்புத் துறை கெடு வைத்திருந்தது. அப்படிப்பட்ட செட்டுகள் நாட்டில் இரண்டரைக் கோடி இருக்கலாம் என்பது அன்றைய மதிப்பீடு. கெடு நெருங்க நெருங்க டீக்கடை பெஞ்சுகளிலும் பேருந்து நிலையங்களிலும் எல்லோருக்கும் ஒரே சோதனை. *#06# என்று அழுத்த வேண்டும். பதினைந்து இலக்கம் வந்தால் நிம்மதி. ஒன்றுமே வராவிட்டாலோ, வரிசையாகப் பூஜ்ஜியம் வந்தாலோ, கையில் இருப்பது டிசம்பர் முதல் நாளிலிருந்து பாட்டுக் கேட்க மட்டும்தான் உதவும்.

அந்தப் பதினைந்து இலக்கம்தான் ஐஎம்இஐ எண். வண்டிக்குச் சேஸிஸ் எண் இருப்பதுபோல ஒவ்வொரு கைபேசிக்கும் ஒன்று உண்டு. முதல் எட்டு இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று சொல்லும்; கைபேசிச் சேவை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வகுத்த முறைப்படி அவை ஒதுக்கப்படுகின்றன. அடுத்த ஆறும் வரிசை எண். கடைசி ஒன்று, முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டால் வரவேண்டிய சரிபார்ப்பு இலக்கம். சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. போனை ஆன் செய்து, அது டவரைப் பிடிக்கும்போதே இந்த எண்ணும் சேவை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. திருட்டுப் போனை முடக்குவதற்கும், ஒரு குற்றத்தில் பயன்பட்ட கருவியைத் தேடுவதற்கும் காவல்துறைக்கு இருக்கும் முதல் பிடி இதுதான்.

இந்த எண் இல்லாமல் கோடிக்கணக்கில் செட்டுகள் எப்படி வந்தன? தைவானின் மீடியாடெக் நிறுவனம் ஒரு கைபேசிக்கு வேண்டிய சிப், மென்பொருள், வடிவமைப்பு மூன்றையும் ஒரே தொகுப்பாக விற்கத் தொடங்கியதும் தயாரிப்பு மிக எளிதாகிவிட்டது. தென்சீனத்து ஷென்சென் நகரில் சின்னப் பட்டறை வைத்திருந்தவர்கூட புது மாடல் இறக்க முடிந்தது. 2007-ல் சீன அரசு கைபேசித் தயாரிப்புக்கான உரிம முறையையும் எடுத்தது. முறையாக எண் வாங்குவதற்கும் தரச் சோதனைக்கும் ஆகும் செலவைப் பல பட்டறைகள் செய்யவே இல்லை. பூஜ்ஜியங்களைப் போட்டு அனுப்பின, அல்லது எதையும் போடாமலே அனுப்பின. நம் ஊரில் அவற்றுக்கு ஒரே பெயர்தான்: சைனா செட்.

சென்னையில் ரிச்சி தெருவிலும், பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1960-களில் உருவான பர்மா பஜாரிலும் அவை குவிந்து கிடந்தன. பெரிய நிறுவனங்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சடித்தவை, எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே போட்டுக்கொண்டவை, கார் வடிவில் வந்தவை, டிவி பார்க்க ஆன்டெனா நீட்டியவை என்று எல்லாமே கிடைத்தன. பில் கிடையாது. வாரண்டி என்பது கடைவாசல் வரைக்கும்தான்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், மலிவுக்கு ஆசைப்பட்டு மக்கள் ஏமாந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம். சைனா செட் வாங்கியவர் ஏமாளி இல்லை. அவருக்கு வேண்டியது எதுவோ, அது அதில்தான் இருந்தது. அன்று ஒரு சிம்மில் இன்கமிங், இன்னொன்றில் மலிவாகப் பேசும் பூஸ்டர் திட்டம் என்று இரண்டு சிம் வைத்துக் காசு மிச்சம் பிடித்தவர்கள் ஏராளம். பெரிய பிராண்டுகள் குறைந்த விலையில் இரட்டை சிம் தரவில்லை. சைனா செட் தந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில், லாரி கேபினில், வயல் வரப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி பாட்டுப் போட ஸ்பீக்கர் வேண்டும், அதுவும் இருந்தது. கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தும் பெரிய பட்டனும் இருந்தன. கையில் இருக்கும் இரண்டாயிரம் மூவாயிரத்தில் இத்தனையும் கிடைக்கும்போது, எண் இருக்கிறதா என்று எதற்காகக் கேட்பார்? அப்படி ஓர் எண் உண்டு என்பதையே அரசு அவருக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அந்தச் செட்டின் உள்ளே இருந்ததும் பொருட்படுத்த வேண்டியதுதான். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் சி-மெட் ஆய்வகம் போலிக் கைபேசிகளைச் சோதித்தபோது, அவற்றில் ஈயத்தின் அளவு உலகம் ஏற்றுக்கொண்ட வரம்பைவிட 35 முதல் 40 மடங்கு வரை இருந்தது. பேட்டரியில் அச்சிட்ட கொள்ளளவுக்கும் உண்மையான கொள்ளளவுக்கும் தொடர்பே இருக்காது. பழுதானால் அது குப்பைக்குப் போகும். அங்கே அதைக் கையால் உடைத்துச் செம்பும் ஈயமும் பிரிப்பவர், அதை வாங்கியவரைவிடவும் ஏழை. போலிக் கைபேசியைப் பற்றிப் பேசும்போது பிராண்டுக்கு எவ்வளவு நஷ்டம், அரசுக்கு எவ்வளவு வரி நஷ்டம் என்ற கணக்குகளே முன்னால் வருகின்றன. அந்த உடைப்பவரின் நுரையீரலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அரசை அசைத்தது வேறு கவலை. 2008 அக்டோபரிலேயே எண் இல்லாத செட்டுகளை வலைப்பின்னலில் சேர்க்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதம் மும்பைத் தாக்குதல் நடந்தது. அதன்பின் இது பாதுகாப்புப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. 2009 ஜூனில் இத்தகைய செட்டுகளின் இறக்குமதிக்குத் தடை வந்தது. இணைப்பைத் துண்டிக்கும் கெடு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. காரணம் எளிமையானது: இரண்டரைக் கோடிப் பேரின் போனை ஒரே இரவில் ஊமையாக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அப்போதுதான் சேவை நிறுவனங்களின் சங்கம் ஒரு வழி கண்டது. 199 ரூபாய் கட்டினால் எண் இல்லாத செட்டுக்கு முறையான ஐஎம்இஐ எண்ணைப் பதித்துத் தருவது. நாடு முழுக்க சுமார் 1,600 மையங்கள் திறந்தன. செட்டைக் கணினியோடு கேபிளில் இணைத்து, மென்பொருள் மூலம் எண்ணை எழுதிவிடுவார்கள். வெளியே வரும்போது அது சட்டப்படி ஏற்கப்பட்ட கைபேசி.

இந்த ஏற்பாட்டை நான் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் தெரிகிறது. வாங்கியவரைக் குற்றவாளியாக்காமல், அவர் உழைத்த காசைக் காப்பாற்றிக் கொடுத்தது அது. அப்படி ஒரு மனிதநேயம் அரசு நடவடிக்கைகளில் அடிக்கடி வாய்ப்பதில்லை. அதே சமயம், செட் அப்படியேதான் இருந்தது. அதே ஈயம், அதே பேட்டரி, அதே சார்ஜர். எண் வந்துவிட்டது, அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் கலைந்துபோனார்கள். போலியை விரட்டுவது என்றால் எண்ணைச் சரிசெய்வது என்ற எண்ணம் அன்றுதான் ஊன்றியது. அதிலிருந்து நாம் இன்னும் முழுதாக வெளிவரவில்லை.

சைனா செட்டை உண்மையில் ஒழித்தது தடை மட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா போன்ற இந்திய நிறுவனங்கள் அதே ஷென்சென் வகை செட்டுகளை முறையான எண்ணோடும் பில்லோடும் வாரண்டியோடும் அதே விலைக்குக் கொடுத்தன. இரட்டை சிம், பெரிய பேட்டரி, உரத்த ஸ்பீக்கர் எல்லாம் கடைக் கண்ணாடிக்குள் நேர்மையாக வந்து உட்கார்ந்ததும் பர்மா பஜார் செட்டுக்குத் தேவையே குறைந்தது. மக்கள் கேட்டதைச் சட்டத்துக்கு உட்பட்டு யாராவது தந்தால், அவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் திறந்தது. முறைப்படி சோதித்த கைபேசிகளைக் கோடிக்கணக்கில் செய்து உலகுக்கு அனுப்பிய ஆலை அது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள்தான் அதன் வரிசைகளில் நின்றார்கள். அதே ஆண்டுகளில், ஒரு மணி நேரப் பயணத்தில், அதே பெயரைத் திருடி அச்சடித்த செட்டுகளும் விற்றுக்கொண்டிருந்தன. ஆலை 2014 நவம்பரில் மூடியபோது வேலை இழந்தவர்களின் துயரம் பெரிது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. உள்நாட்டில் விற்கும் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை இப்போது உள்நாட்டிலேயே சேர்க்கப்படுபவை. அதனால் கண்காணிப்பின் வாசலும் துறைமுகத்திலிருந்து ஆலைக்கு இடம் மாறியது.

அன்று போலியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எழுத்து மாறிய பெயர், பொருந்தாத மூடி, கையில் எடுத்தால் தெரியும் லேசான எடை. இன்று அது பதினைந்து இலக்கத்துக்குள் ஒளிந்துகொண்டது. எண் இல்லாவிட்டால் இணைப்பு இல்லை என்று ஆனதும், தயாரிப்பவர்கள் உண்மையான ஓர் எண்ணை எடுத்து ஆயிரக்கணக்கான செட்டுகளில் நகல் போட ஆரம்பித்தார்கள். திருட்டுப் போனை வாங்கும் சில சர்வீஸ் கடைகளும், அதை ஃபிளாஷ் செய்து வேறு எண் எழுதக் கற்றுக்கொண்டன. இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது 2020-ல் மீரட்டில் வெளிப்பட்டது. பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய தன் போனில் காட்டும் எண்ணும் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் வேறாக இருப்பதை ஒரு காவல் அதிகாரி கவனித்தார். விசாரித்தபோது, அந்த ஒரே எண்ணில் நாடெங்கும் 13,500-க்கும் மேற்பட்ட கைபேசிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இதன் ஆபத்தை வாங்கியவர் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அந்த 13,500 பேரில் யாரோ ஒருவர் மோசடி செய்தால், அதே எண் உள்ள மற்றவர்களின் கருவிகளும் விசாரணைக்குள் வருகின்றன. யாரோ ஒருவர் தன் போன் தொலைந்ததாகப் புகார் கொடுத்து அந்த எண் முடக்கப்பட்டால், காசு கொடுத்து வாங்கியவரின் போனும் சேர்ந்தே முடங்கக்கூடும். ஒரு தவறும் செய்யாதவர் தன் எண் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டும்.

சட்டம் இதற்குத் தாமதமாகவே எழுந்தது. ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதைத் தடுக்கும் விதிகள் 2017-ல் வந்தன. 2022-ல் அவற்றைத் திருத்தி, இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு கைபேசியின் எண்ணையும் முதல் விற்பனைக்கு முன்பே அரசின் இணையப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றார்கள். இறக்குமதி செய்பவருக்கும் அதே நிபந்தனை. 2023 ஜனவரி 1-லிருந்து இது நடைமுறை. அதே ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் எண்ணைத் திருத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

எல்லாச் சேவை நிறுவனங்களும் முடக்கிய கைபேசிகளின் பட்டியல்களை ஒன்றாக்கும் மத்தியப் பதிவேடு 2019-ல் மகாராஷ்டிரத்தில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தோடு நாடு முழுக்க விரிந்தது. அதற்கு முன் ஒரு நிறுவனம் முடக்கிய போன், வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டதும் உயிர்பெற்றுவிடும். இப்போது ஒரு புகார் எல்லாக் கதவையும் மூடுகிறது. அந்தப் போனில் யாராவது சிம் போட்டால் தகவல் காவல்துறைக்குப் போகிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மேசை நிறையக் கைபேசிகளை அடுக்கி வைத்து உரியவர்களிடம் ஒப்படைக்கும் படம் இன்று நம் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி வருவது இதனால்தான். போன் தொலைந்தால் தலைமுழுக வேண்டியதுதான் என்று இருந்த நாட்டில் இது பெரிய மாற்றம். அந்தப் படங்களில் தன் செட்டைத் திரும்ப வாங்கும் மூதாட்டியைப் பார்க்கும்போது, இத்தனை ஆண்டுப் போராட்டம் வீணாகவில்லை என்றே எனக்குப் படுகிறது.

வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, பதினைந்து இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். முடக்கப்பட்டது, நகல், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் வாங்கக் கூடாது. பட்டன் போனிலிருந்தும் இதைச் செய்யலாம். இந்த எஸ்எம்எஸ் வசதியை வைத்தவர் யாராக இருந்தாலும், ஏழை எந்தப் போனைக் கையில் வைத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். பழைய போன் வியாபாரிகளும் விற்கும் முன் எண்ணை அரசுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்று 2025-ல் திருத்திய விதிகள் சொல்கின்றன.

வேறு நாடுகளும் இதே சுவரில் முட்டியவைதான். கென்யா 2012 செப்டம்பர் முடிந்ததும் சுமார் 18 லட்சத்து 90 ஆயிரம் போலிக் கைபேசிகளின் இணைப்பை ஒரேயடியாகத் துண்டித்தது. கைபேசியிலேயே பணம் அனுப்பிப் பழகிய நாட்டில் அந்த அடி யார் மேல் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இலங்கை இன்னும் நிதானமான வழியை எடுத்தது. பதிவு செய்யாத கருவிகளுக்கு 2025 ஜனவரி இறுதியிலிருந்து இணைப்பு இல்லை என்று அறிவித்த அதன் தொலைத்தொடர்பு ஆணையம், அதற்கு முன்பே இணைப்பில் இருந்தவற்றைத் தொடவில்லை. ஏற்கெனவே வாங்கியவரை விட்டுவிட்டு இனி வருவதைத் தடுப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

2025 நவம்பர் இறுதியில் நம் அரசு வேறொரு பக்கம் அடி எடுத்துவைத்தது. புதிதாக விற்கும் ஒவ்வொரு கைபேசியிலும் சஞ்சார் சாத்தி செயலி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தனியுரிமை குறித்து நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களில் அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. பெற்றது நல்லதே. போலியைத் தடுக்கும் இடம் ஆலையும் துறைமுகமும் மொத்த வியாபாரியின் கிடங்கும்தான். அங்கே செய்ய வேண்டிய வேலையை வாங்கியவரின் பைக்குள் கொண்டுபோய் வைப்பது, காவலைத் தவறான வாசலில் நிறுத்துவது.

இத்தனை வேலி போட்ட பிறகு போலி எங்கே போனது? பெரும்பகுதி போனை விட்டு இறங்கி, அதன் துணைப் பொருட்களுக்குள் புகுந்துவிட்டது. இன்று எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் நூறு ரூபாய்க்குச் சார்ஜர் தொங்குகிறது. பிராண்டின் பெயர் அச்சாக இருக்கும். உள்ளே திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டுக்கும் போனுக்குப் போகும் 5 வோல்ட்டுக்கும் நடுவே போதிய இடைவெளியும் காப்பும் வேண்டும். மலிவுச் சார்ஜரில் அந்த இடைவெளியைச் சுருக்கி, டிரான்ஸ்பார்மரின் காப்பு நாடாவையும் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஈரக் கையோடு தொடும்போதோ, மின்னழுத்தம் எகிறும்போதோ அந்த மிச்சத்துக்கு ஓர் உயிர் விலையாகலாம். பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் செல் நிரம்பியதும் மின்சாரத்தை நிறுத்த ஒரு சின்னப் பாதுகாப்புச் சுற்று வேண்டும். அதை மட்டமாகச் செய்தால் பேட்டரி உப்பும், சுடும், சில நேரம் தீப்பிடிக்கும். இவற்றில் எதற்கும் ஐஎம்இஐ கிடையாது. டவர் இவற்றைப் பார்ப்பதே இல்லை.

பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் அவற்றின் மேல் அச்சாகியிருக்க வேண்டும். அது உண்மையா என்று பார்க்க பிஐஎஸ் கேர் என்ற செயலியும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பொடி எழுத்தில் அச்சிடுவது போலி செய்பவருக்கு ஒரு வேலையே இல்லை. அதைச் சோதிக்க ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வேண்டும். பட்டன் போனுக்கு மாற்றுப் பேட்டரி தேடி வருபவர்தான் இந்தப் போலியை அதிகம் வாங்குகிறார். அவரிடம் ஸ்மார்ட்போன் எங்கே இருக்கும்?

கைபேசி எண்ணுக்கு 14422 இருப்பதுபோல இந்தப் பதிவெண்ணையும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் சோதிக்க வழி வேண்டும். பதில் தமிழிலும் வரவேண்டும். கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் பதிவெண்ணை அச்சிட வேண்டும் என்று விதி வேண்டும். பேருந்து நிலையத்துக் கடைக்காரரைப் பிடிப்பதற்கு முன், அவருக்குச் சாக்கு மூட்டையில் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியின் கிடங்கில் ஆய்வு நடக்க வேண்டும். எண் இல்லாத செட்டை ஒழிக்க அரசு 2008-ல் தொடங்கிய வேலை ஒரு வடிவத்துக்கு வர 2023 ஆயிற்று. சார்ஜருக்கும் பேட்டரிக்கும் அந்த வேலை இன்றே தொடங்கட்டும்.